பி.டி.எஸ். சேர்க்கலாமா, இன்னொரு வருஷம் நீட் எழுத விடலாமா?

தென்காசிமாமா | ஞாயிறு, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். தங்கை மகள் இந்த வருஷம் இரண்டாவது தடவையாக நீட் எழுதினாள். அரசு எம்.பி.பி.எஸ். இடத்துக்கு அவள் மார்க் எட்டாது. தனியார் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு எங்கள் கை எட்டாது. அரசுக் கல்லூரியில் பி.டி.எஸ். (பல் மருத்துவப் படிப்பு) கிடைக்கலாம் என்கிறார்கள், தவறினால் தனியாரில் அரசு ஒதுக்கீடு.

வீட்டில் மூன்று கட்சி. மச்சானுக்கு இன்னொரு வருஷம் கோச்சிங் போட்டு 'டாக்டராக்கியே' தீரணும். தங்கைக்கு ஏதாவது ஒரு டிகிரியில் சேர்த்தால் போதும். பிள்ளை மட்டும் "பல் டாக்டருக்கே படிக்கிறேன் மாமா" என்கிறது. முடிவைத் தாய்மாமன் தலையில் கட்டிவிட்டார்கள்.

எனக்குப் பல் டாக்டர் என்றால் பல் பிடுங்குகிறவர், அவ்வளவுதான். ஒரு வாய்க்குள் ஐந்து வருஷம் என்னதான் படிக்கிறார்கள்? கேலிக்குக் கேட்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையஹவுஸ்சர்ஜன் | ஞாயிறு, இரவு 10:05

வேண்டாம் அண்ணாச்சி.

நான் பி.டி.எஸ். முடிச்சவன். இப்போ மெடிக்கல் கோடிங் (ஆஸ்பத்திரி பில்லுக்கு நோய், சிகிச்சைக் குறியீடு போடுற வேலை) கம்பெனியில் இருக்கேன். என் செட்டில் பாதிப் பேர் இதே வேலைதான். நாட்டில் 300க்கு மேல பல் மருத்துவக் கல்லூரி. வருஷா வருஷம் வெளியே கொட்டுறாங்க. கிளினிக்ல போய் நின்னா காலை 10 மணியிலிருந்து ராத்திரி 9 வரைக்கும் வேலை, ஆரம்பத்தில் 15,000 கொடுத்தா அது நல்ல இடம். சில இடத்தில் "கத்துக்க வந்திருக்கே, காசு எதுக்கு"ன்னு கேட்பாங்க. எம்.ஆர்.பி. (அரசு ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கிற வாரியம்) அரசு வேலை எப்போ அறிவிப்பாங்கன்னு வருஷக்கணக்கா பார்த்துட்டு இருக்கணும், வந்தாலும் இடம் கொஞ்சம்தான். சொந்தமா கிளினிக் போடணும்னா சேர், கம்ப்ரசர், எக்ஸ்ரே, ஆட்டோகிளேவ், கடை அட்வான்ஸ்னு லட்சங்கள்.

பெயருக்கு முன்னாடி டாக்டர் போட்டுக்கலாம். அதை வச்சு இ.எம்.ஐ. கட்ட முடியாது.

கடைவாய் | ஞாயிறு, இரவு 10:50

மேலே சொன்ன சம்பளக் கதை உண்மை. ஆனால் அது பாதிக் கதை. நான் ராஜபாளையம் பக்கம் ஒரு சின்ன ஊரில் கிளினிக் வைத்திருக்கிறேன், பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. வருமானம் பிறகு பேசுவோம். அண்ணாச்சி கேட்ட "வாய்க்குள் ஐந்து வருஷம்" கேள்விக்கு முதலில் பதில்.

நாலு வருஷம் படிப்பு, ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன், அதாவது ஆஸ்பத்திரியில் பயிற்சி. முதல் வருஷம் வாய் மட்டும் இல்லை, முழு உடம்பு. அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி, கூடவே பல்லின் அமைப்பு தனிப் பாடம். இரண்டாம் வருஷம் நோய்க்கூறு, நுண்ணுயிர், மருந்தியல், பல் மெட்டீரியல்கள். மூன்றாம் வருஷம் பொது மருத்துவமும் பொது அறுவையும், வாய் நோய்க்கூறும். பெரிய ஆஸ்பத்திரி வார்டுக்கும் அனுப்புவார்கள். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், இதயத்தில் வால்வு வைத்தவர் எல்லாரும் பல் பிடுங்கத்தானே நம்மிடம் வருவார்கள்? அதைத் தெரியாமல் ஃபோர்செப்ஸை (பல் பிடுங்கும் கொறடு) கையில் எடுக்கக் கூடாது. கடைசி வருஷம் எட்டுப் பாடம்: அறுவை, வேர் சிகிச்சை, ஈறு, பல் செட், கிளிப், குழந்தைப் பல், வாய் மருத்துவம்-எக்ஸ்ரே, சமூகப் பல் மருத்துவம்.

ஒரு உதாரணம் சொன்னால் புரியும். ஈறு வலி என்று ஒரு டிரைவர் வருவார். வாயைத் திறக்கச் சொன்னால் அவருடைய மூன்று விரல் நுழைய வேண்டிய இடத்தில் ஒரு விரல்தான் நுழையும். கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து, விறைத்த தோல் மாதிரி இருக்கும். மாவா, குட்கா, பாக்கு. தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013லேயே தடை போட்டாயிற்று, ஆனால் வாய்க்குள் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இது ஃபைப்ரோசிஸ், வாய்ச் சதை இறுகிப்போவது, புற்றுநோய்க்குப் போகக்கூடிய படி. அந்த ஆள் வேறு எந்த டாக்டரிடமும் அன்றைக்கு வாயைத் திறந்து காட்டியிருக்க மாட்டார்.

பல் பிடுங்குவது இந்தப் படிப்பில் ஓர் ஓரம்.

மெழுகுப்பல் | திங்கள், காலை 7:15

நான் மூணாம் வருஷம் படிக்கிறேன் மாமா (உங்க மருமக மாதிரி நினைச்சு மாமான்னே கூப்பிடுறேன்). கிளாஸ் பேரெல்லாம் கடைவாய் சார் சொல்லிட்டாங்க. எங்க உண்மையான வாழ்க்கை லேப்ல.

முதல் வருஷம் மெழுகுக் கட்டியைக் குடுத்து பல் செதுக்கச் சொல்வாங்க. மேல் நடுப்பல்னா கிரவுன் (வெளியே தெரியற பகுதி) 10.5 மி.மீ., வேர் 13 மி.மீ., அகலம் 8.5 மி.மீ. அளவு சரியா இருக்கணும், வளைவும் சரியா இருக்கணும். நாலு பக்கமும் ஒரே மாதிரி செதுக்கினா மேடம் கையில எடுத்துப் பார்த்துட்டு "இது வலதா இடதா?"ன்னு கேட்பாங்க. பதில் சொல்ல முடியாது. மறுபடியும் புதுக் கட்டி. ஹாஸ்டல் ரூம் முழுக்க மெழுகுத் தூள், எறும்பு கூட வராது.

இரண்டாம் வருஷம் பேன்டம் லேப். ஒரு பொம்மைத் தலை, அதுக்குள்ள பல் வரிசை. கண்ணாடியில் தலைகீழா பார்த்துக்கிட்டே மேல் பல்லைக் குடையணும். நேரா குனிஞ்சு எட்டிப் பார்த்தா முதுகிலே ஒரு தட்டு விழும். ஏரோட்டர் (பல் குடையற மிஷின்) நிமிஷத்துக்கு 3 லட்சம் சுத்துக்கு மேல சுத்தும், கை ஒரு மயிரிழை நழுவினா பக்கத்துப் பல்லும் காலி. இடுப்பு, கழுத்து வலி இப்பவே ஆரம்பிச்சிருச்சு, அதையும் சொல்லிடறேன்.

அப்புறம் நிஜப் பல் வேணும். பிடுங்கின பல்லுக்கு நாங்க அலையுற அலைச்சல் இருக்கே! ஊர்ல தெரிஞ்ச கிளினிக்ல ஒரு டப்பாவைக் குடுத்துட்டு "அண்ணா, பிடுங்கறதை இதுல போட்டு வைங்க"ன்னு சொல்லிட்டு வருவோம். முன் பல் கிடைக்கிறதுதான் கஷ்டம், கடைவாய்ப் பல்லு நிறைய வரும், ஆனா சொத்தை இல்லாம வராது. சீனியர்கிட்ட பண்டமாற்று வேற நடக்கும்: ரெண்டு கோரைப்பல்லுக்கு ஒரு மேல் முன்பல்.

எனக்குப் பிடிச்சிருக்கு. முதல் வருஷம் அழுதேன், அதுவும் உண்மை.

தென்காசிமாமா | திங்கள், பகல் 1:30

எல்லாருக்கும் நன்றி. மூன்று பேர் பதிலையும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். எறும்பு கூட வராது என்றதும் பிள்ளை சிரித்தாள்.

இன்னொரு விஷயம். அவள் இடக்கைப் பழக்கம். எழுதுவது, தைப்பது, கோலம் எல்லாம் இடது கைதான். எங்கள் அம்மா "பீச்சாங்கையால் வாயைத் தொட்டால் யார் ஒத்துக்குவா?" என்று ஆரம்பித்துவிட்டாள். அம்மா பேச்சை விடுங்கள். தொழிலில் உண்மையிலேயே தடை உண்டா?

வாத்தியார் | திங்கள், இரவு 8:20

பல் செட் துறையில் பாடம் எடுக்கிறேன், எங்கே என்று கேட்காதீர்கள். இடக்கை விஷயத்தை அனுபவித்தவர்கள் சொல்லட்டும். நான் சேர்க்கை பற்றி.

முதலில் ஒரு கேள்வி: பிள்ளை 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியா? அப்படியானால் 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பி.டி.எஸ்.ஸுக்கும் உண்டு. அரசு உதவி பெறும் பள்ளி என்றால் கிடையாது, பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

தமிழ்நாட்டில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி மூன்று: சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை. சென்னைக் கல்லூரி 1953இல் தொடங்கியது, கோட்டை ரயில் நிலையம் பக்கத்தில் இருக்கிறது. புதுக்கோட்டை 2023இல் வந்த புதுசு. அரசு இடம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். கட்டணத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நோயாளிக் கூட்டம்.

தனியார் கல்லூரி பார்க்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள், விளம்பரப் பலகையைப் பார்க்காதீர்கள், தரவரிசைப் பட்டியலையும் நான் இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன். ஒரு திங்கட்கிழமை காலை 9 மணிக்கு அங்கே போய் ஓ.பி. வாசலில் உட்காருங்கள். எத்தனை பேர் சீட்டுப் போடுகிறார்கள், அதில் எத்தனை பேர் தானாக வந்தவர்கள், எத்தனை பேர் கல்லூரி பஸ்ஸில் இறக்கிவிடப்பட்டவர்கள் என்று பாருங்கள். ஹவுஸ் சர்ஜன் ஒருவரைக் கேண்டீனில் பிடித்து "நீங்களாகவே எத்தனை கடைவாய்ப் பல் பிடுங்கியிருக்கீங்க? வேர் சிகிச்சை செய்ய விட்டாங்களா?" என்று கேளுங்கள். அவர் யோசிக்காமல் பதில் சொன்னால் நல்ல கல்லூரி.

ஐந்து வருஷத்தில் பாடத்தை எங்கேயும் படித்துவிடலாம். கை எங்கேயும் பழகாது. அதற்கு வாயைத் திறந்து காட்ட ஆள் வேண்டும்.

மச்சானுக்கு ஒரு வார்த்தை. "இப்போ பி.டி.எஸ்.ஸில் போட்டுவைத்து அடுத்த வருஷம் மறுபடி நீட் எழுதலாம்" என்று பல வீடுகளில் கணக்குப் போடுகிறார்கள். பாதியில் விட்டால் அபராதம் உண்டு. சேர்க்கை நடத்தும் தேர்வுக் குழு வெளியிடும் தகவல் கையேட்டில் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அப்புறம் கணக்குப் போடுங்கள். அந்த மாதிரி வரும் பிள்ளைகள் முதல் வருஷம் முழுக்க ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மெழுகும் செதுக்காது, நீட்டும் தேறாது.

பழையஹவுஸ்சர்ஜன் | திங்கள், இரவு 9:10

வாத்தியார் சார், ஓ.பி. பற்றிச் சொன்னதுக்கு நூத்துக்கு நூறு. ஆனா கோட்டாவைப் பத்தி ஏன் பேசலை?

அண்ணாச்சிக்குப் புரியற மாதிரி: கடைசி வருஷப் பரீட்சைக்கு உட்காரணும்னா இத்தனை பல் அடைக்கணும், இத்தனை பிடுங்கணும், இத்தனை க்ளீனிங், இத்தனை பல் செட்டுன்னு ஒரு கணக்கு இருக்கு. நான் படிச்ச தனியார் கல்லூரி ஊருக்கு வெளியே, பைபாஸ் ரோட்டில். பேஷன்ட் வரவே மாட்டாங்க. நாங்களே டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில் போய் "தாத்தா, பல் செட்டு இலவசமா கட்டித் தர்றோம், வர்றீங்களா?"ன்னு ஆள் பிடிப்போம். ஆட்டோ காசு நம்மளது, மத்தியானச் சாப்பாடு நம்மளது. ஒரே தாத்தாவுக்கு மூணு பேர் சண்டை. அவருக்கும் அது தெரியும், யார் பிரியாணி வாங்கித் தர்றாங்களோ அவங்ககிட்ட வாயைத் திறப்பார்.

சிரிப்பா இருக்கும். ஆனா பணம் உள்ளவன் கோட்டா முடிச்சான், இல்லாதவன் கையெழுத்துக்கு அலைஞ்சான். இதுதான் கல்வியா?

வாத்தியார் | திங்கள், இரவு 9:45

கல்வி இல்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆள் பிடித்துக் காசு கொடுக்க வைப்பது தவறு, அதைக் கண்டும் காணாமல் இருப்பது எங்கள் தவறு.

ஆனால் எண்ணிக்கையே வேண்டாம் என்று சொன்னால் ஒரு பல் கூடப் பிடுங்காமல் பட்டம் வாங்கிப் போகிறவர்கள் வருவார்கள். அவர்கள் முதன்முதலாகப் பிடுங்கப்போவது யாருடைய பல்லை? 2023இல் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் வந்தது. 1948ஆம் வருஷச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது அது. படிப்பு முடிவில் நாடு முழுக்க ஒரே தேர்வு வேண்டும் என்று அதில் இருக்கிறது. பேனா பிடித்து எழுதும் தேர்வு ஃபோர்செப்ஸ் பிடித்த கையை எப்படி அளக்கும் என்பது என் பழைய சந்தேகம்.

குரோம்பேட்டைலட்சுமி | செவ்வாய், காலை 6:50

நான் டாக்டர் இல்லை, பேஷன்ட். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

மேல், கீழ் இரண்டு பல் செட்டும் சென்னை அரசுப் பல் ஆஸ்பத்திரியில் ஒரு மாணவி கட்டியதுதான். தனியாரில் கேட்ட தொகைக்குப் பயந்து அங்கே போனேன். அந்தப் பெண் எனக்குப் பேத்தி வயசு. முதல் நாள் சூடான ஏதோ கட்டியை வாயில் வைத்து அச்சு எடுத்தாள். இன்னொரு நாள் பச்சைக் குச்சியை நெருப்பில் காட்டி உருக்கித் தட்டு விளிம்பில் ஒட்டி, கன்னத்தை இழு, நாக்கை நீட்டு, முழுங்கு என்று உயிரை வாங்கினாள். அப்புறம் மெழுகு வைத்து "அம்மா சொல்லுங்க பாட்டி, அம்மா சொல்லுங்க" என்று விடாமல் சொல்லச் சொன்னாள். எதற்கு என்று இன்று வரை தெரியாது. பெரிய மேடம் வந்து பார்த்து "மறுபடி செய்" என்று சொல்லிவிட்டுப் போனதும் உண்டு. அவள் முகம் சுண்டிப்போகும். எனக்குக் கோபம் வரும், பஸ் ஏறி வந்தவள் நான்.

ஆனால் அந்தச் செட்டில் இன்றைக்கும் முறுக்கு கடிக்கிறேன். என் நாத்தனார் பணம் கட்டிப் போட்டுக்கொண்டது டம்ளர் தண்ணீரில் கிடக்கிறது.

வாத்தியார் | செவ்வாய், காலை 8:05

லட்சுமி அம்மாவுக்கு: 'ம்' சொல்லும்போது உதடு இரண்டும் லேசாக ஒட்டும், தாடை ஓய்வு நிலைக்கு வரும். அந்த உயரத்தை மூக்கின் கீழிருந்து தாடை வரை அளந்துகொள்வார்கள். பல் செட்டைக் கடித்திருக்கும்போது உயரம் அதைவிட 2 முதல் 4 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். கூடிவிட்டால் பல் எப்போதும் டக் டக் என்று இடிக்கும், தாடை வலிக்கும், பேச்சு குழறும். குறைந்துவிட்டால் முகம் ஒடுங்கி வயசு கூடத் தெரியும், உதட்டோரம் புண்ணாகும். மேடம் "மறுபடி செய்" என்றது பெரும்பாலும் அதற்காகத்தான் இருக்கும்.

பச்சைக் குச்சி விஷயமும் அப்படியே. கன்னமும் நாக்கும் அசையும்போது தட்டின் விளிம்பு எதுவரை போகலாம் என்று சதையே வரைந்து கொடுக்கும். முறுக்கு கடிக்க முடிகிறது என்றால் அந்தப் பெண் அங்கே அவசரப்படவில்லை.

நெறியாளர் | செவ்வாய், காலை 10:30

இழையில் ஒரு கோச்சிங் சென்டர் விளம்பரமும், "ஜார்ஜியாவில் குறைந்த செலவில் டாக்டர் ஆகலாம்" என்ற பதிவும் நீக்கப்பட்டன. மறுபடி போட்டால் ஐ.டி. முடக்கப்படும். தொடருங்கள்.

பேராதனைப்பிள்ளை | செவ்வாய், பகல் 12:15

நான் யாழ்ப்பாணம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில பல் மருத்துவ பீடத்தில படிச்சனான். எங்கட பக்கம் உயர்தரத்தில உயிரியல் எடுத்து, இசட் புள்ளி (பல்கலைக்கழகத்துக்கு எடுக்கப் பாக்கிற பரீட்சைப் புள்ளி) மருத்துவத்துக்கு ஒரு துளி காணாட்டி பல் மருத்துவம். அதால உங்கட மருமகளின்ர நிலைமை எனக்கு நல்லா விளங்குது. வீட்டில அம்மா ஒரு வருசமா "கொஞ்சம் கூடப் படிச்சிருந்தா மெடிசின் கிடைச்சிருக்கும்" எண்டு சொல்லிக்கொண்டே இருந்தவா. பிறகு தன்ர பல்லுக்கு வந்தா, நிப்பாட்டிட்டா.

எங்களுக்குக் கூடுதலா ஒரு பாடம் இருந்தது, சிங்களம். புத்தகம் ஆங்கிலத்தில, வாற நோயாளிகள் கனபேர் சிங்களம் கதைக்கிற ஆக்கள். "வாயைத் திறவுங்கோ, நோகுதோ, துப்புங்கோ" எண்டதைத்தான் முதலில படிச்சனாங்கள். நோவு எப்படி இருக்கு, குத்துதோ, விண்விண் எண்டுதோ, குளிருக்குக் கூசுதோ எண்டு கேட்டுப் பிடிக்கிறதுதான் கஷ்டம். அதில பிழை விட்டா நல்ல பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துபோடுவம்.

கோட்டாவுக்கு ஆள் பிடிக்கிற கதை எங்களுக்கும் கொஞ்சம் இருந்தது. பிரியாணி மட்டும் இல்லை.

இடதுமணி | செவ்வாய், இரவு 7:40

இந்த இழையை நண்பர் ஒருவர் அனுப்பினார். நான் இடக்கைப் பழக்கம் உள்ள பல் மருத்துவர், ஈரோடு.

தடை உண்டா என்றால் இல்லை. தொல்லை உண்டா என்றால் நிச்சயமாக உண்டு. பல் சேர் எல்லாம் வலக்கைக்காரருக்காகச் செய்தது. டாக்டர் நோயாளியின் வலப்பக்கம் உட்காருவார், கருவித் தட்டு அவர் கைக்கு எட்டும் தூரத்தில், துப்பும் தொட்டி எதிர்ப்பக்கம். நாம் இடப்பக்கம் உட்கார்ந்தால் தொட்டி நம் முழங்காலில் இடிக்கும், ஏரோட்டர் வயர் நோயாளியின் நெஞ்சுக்குக் குறுக்கே வரும். இரண்டு பக்கமும் மாற்றக்கூடிய சேர் இருக்கிறது, சொந்த கிளினிக்குக்கு அதைத்தான் வாங்கினேன். கல்லூரியில் அதை எதிர்பார்க்க முடியாது.

வகுப்பில் செய்து காட்டும் எல்லாவற்றையும் மனசுக்குள் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிக்கொள்ள வேண்டும். கீழ் வலப்பக்கப் பல் பிடுங்கும்போது வலக்கைக்காரர் நோயாளிக்குப் பின்னால் போய் நிற்பார். நாம் கீழ் இடப்பக்கத்துக்குப் பின்னால் போகணும். கீழ்த்தாடை நரம்புக்கு மரப்பு ஊசி போடுவதற்கும் அப்படியே. ஒரு தடவை மண்டையில் ஏறிவிட்டால் பிறகு யோசிக்க மாட்டாள்.

சில ஆசிரியர்கள் "வலது கையிலேயே பழகு" என்று சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். பிடுங்குவதை வலக்கையிலும் பழகினேன், அது உதவியது. குடைவது, வேர் சிகிச்சை போன்ற நுணுக்க வேலைகளை இடது கையில்தான் செய்வேன் என்று பணிவாக ஆனால் உறுதியாகச் சொல்லிவிட்டேன்.

பாட்டிம்மா கவலைக்கு: எனக்கு இத்தனை வருஷத்தில் "எந்தக் கை?" என்று கேட்ட நோயாளிகள் விரல் விட்டு எண்ணலாம். "வலிக்குமா?" என்று கேட்காதவர் ஒருத்தர் கூட இல்லை.

பழையஹவுஸ்சர்ஜன் | செவ்வாய், இரவு 8:30

எல்லாரும் சேர்ந்து அழகா பேசுறீங்க. வருமானம் பிறகு பேசுவோம்னு சொன்ன கடைவாய் சார் எங்கே?

கடைவாய் | புதன், காலை 6:30

இருக்கிறேன். நேற்று ஒரு ஞானப்பல் என் மாலையைச் சாப்பிட்டுவிட்டது.

முதல் இரண்டு வருஷம் மதுரையில் இன்னொருவர் கிளினிக்கில் நின்றேன். சம்பளம் நீங்கள் சொன்ன மாதிரிதான், அப்போது அதைவிடக் குறைவு. பிறகு ஊருக்கே வந்து பழைய சேர் ஒன்று வாங்கிப் போட்டேன். முதல் வருஷம் வாடகையே கஷ்டம். நம் சனங்களுக்குப் பல் வலித்தால் முதல் வைத்தியம் கிராம்பு, இரண்டாவது மெடிக்கல் ஷாப்பில் இரண்டு மாத்திரை, முகம் வீங்கினால்தான் நாம். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று வாசல் வரை வந்து திரும்பியவர்கள் எத்தனையோ பேர். பல்லுக்கு வரும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு என்று எழுதி மாட்டலாம், யார் படிப்பார்? ஊரில் மரியாதைப்பட்ட ஒரு வாத்தியாரம்மாவுக்கு மேல் பல் எடுத்தேன். அடுத்த நாள் அவர் தெருவில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்கு மேல் விளம்பரம் தேவைப்படவில்லை.

நகரத்தில் ஒரே தெருவில் நாலு கிளினிக். அங்கே போய் நிற்கிறவர்களுக்குத்தான் அந்த 15,000. தாலுகா ஊர்களில் இன்னும் இடம் இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் தண்ணீரில் உள்ள ஃபுளோரைடால் பிள்ளைகள் பல்லெல்லாம் பழுப்புக் கோடு. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டார்கள். ஏற்கெனவே கறை பட்ட பற்களுக்கு வைத்தியம் பார்க்க ஆள் வேண்டுமே?

நான் கோடீஸ்வரன் இல்லை. வீடு கட்டிவிட்டேன், கடன் பாதி போயிற்று. அதே வயசு எம்.பி.பி.எஸ். நண்பனைவிடக் குறைவாகத்தான் சம்பாதிக்கிறேன். ராத்திரி போன் அடிக்காது, அது ஒரு லாபம். அவசரமாகச் சம்பாதிக்க வேண்டிய வீடு என்றால் இந்தப் படிப்பு வேண்டாம், அதில் பழைய ஹவுஸ்சர்ஜனோடு நிற்கிறேன்.

லீட்ஸ்வாசி | புதன், மாலை 4:50

வெளிநாடு பற்றி யாரும் சொல்லவில்லை. சுருக்கமாக: நம் பி.டி.எஸ். வெளிநாட்டில் நேராகச் செல்லாது. இங்கிலாந்துக்கு ஓ.ஆர்.இ. (வெளிநாட்டில் படித்த பல் டாக்டர்களுக்கான தேர்வு) இரண்டு பாகம், இரண்டாவதில் பொம்மைத் தலையில் செய்து காட்டணும். இடம் கிடைக்கவே காத்திருக்கணும். அமெரிக்கா என்றால் ஐ.என்.பி.டி.இ. என்ற அந்நாட்டுப் பல் மருத்துவத் தேர்வு எழுதி, அங்கே கல்லூரியில் மறுபடி இரண்டு மூன்று வருஷம், கட்டணத்தைக் கேட்டால் மயக்கம் வரும். ஆஸ்திரேலியாவுக்குத் தனித் தேர்வு.

நான் ஓ.ஆர்.இ. முதல் பாகம் முடித்துவிட்டு டென்டல் நர்ஸாக வேலை பார்க்கிறேன். டாக்டராக இருந்தவள் இங்கே சக்ஷன் (எச்சில் உறிஞ்சும் குழாய்) பிடிக்கிறேன். வெளிநாட்டை நினைத்து பி.டி.எஸ். சேராதீர்கள், சேர்ந்தபின் வழி இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

தென்காசிமாமா | அடுத்த புதன், இரவு 9:15

வாத்தியார் ஐயா சொன்னபடியே செய்தோம். ஞாயிறு ராத்திரி பொதிகை ஏறி, திங்கள் காலை எழும்பூரில் இறங்கி நேராகக் கோட்டை ஸ்டேஷன். அரசுக் கல்லூரி ஓ.பி.யில் அந்த நேரத்துக்கே வரிசை வாசல் தாண்டி நிற்கிறது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர், பேரனைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆத்தா, வாயில் துண்டை வைத்து மூடிக்கொண்டு ஒரு கூலி ஆள். பிள்ளை ஒரு மணி நேரம் அந்தக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ரத்தப் பஞ்சைப் பார்த்துத் தலை சுற்றியது, அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு தனியார் கல்லூரி, பெயர் வேண்டாம். கண்ணாடிக் கட்டடம், ஏசி, ஊற்று எல்லாம் இருக்கிறது. வரிசையாகப் புது சேர்கள், பாதிக்கு மேல் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். பதினோரு மணிக்கு ஒரு வேன் வந்தது, பெரியவர்கள் கொஞ்சம் பேர் இறங்கினார்கள், மாணவர்கள் ஓடினார்கள். கேண்டீனில் ஒரு ஹவுஸ் சர்ஜன் பையனிடம் ஐயா சொன்ன கேள்வியைக் கேட்டேன். "எந்தப் பல்லைக் கேக்குறீங்க அங்கிள்?" என்று யோசிக்க ஆரம்பித்தான். டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டோம்.

பிள்ளை உதவி பெறும் பள்ளிதான், 7.5 கிடையாது. அரசு மூன்றும் முதலில், பிறகு கூட்டம் உள்ளதாக நீங்கள் தனிச்செய்தியில் சொன்ன இரண்டு தனியார். அதோடு நிறுத்திக்கொள்வதாக முடிவு. அதுவும் வராவிட்டால் வேறு டிகிரி, மூன்றாவது தடவை நீட் இல்லை. இதை அவளே சொன்னாள். மச்சான் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை, பேசுவார்.

கிடைத்தால் என்ன வாங்க வேண்டும்? ஒரு கடைக்காரர் 'முதல் வருஷ கிட்' என்று பெரிய பட்டியல் நீட்டுகிறார்.

மெழுகுப்பல் | அடுத்த புதன், இரவு 10:00

மாமா, பட்டியலைத் தொடாதீங்க! சேர்ந்தப்புறம் துறையில் ஒரு லிஸ்ட் குடுப்பாங்க, அதுல உள்ளது மட்டும். கார்வர் (மெழுகு செதுக்குற கருவி), மெழுகுக் கத்தி, ஸ்பேட்டுலா, பிளாஸ்டர் கலக்குற ரப்பர் கிண்ணம் எல்லாம் சீனியர்கிட்ட பாதி விலைக்குக் கிடைக்கும். ஆர்டிகுலேட்டரும் (தாடை மாதிரி அசையுற கருவி) கேட்டுப் பாருங்க. கண்ணுக்குப் போடுற பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் புதுசு வாங்கணும். மண்டை ஓடு வாங்கச் சொன்னா நாலு பேர் சேர்ந்து ஒண்ணு போதும். அப்புறம் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி. 0, 1, 6 மாசம்னு மூணு டோஸ், இப்பவே முதல் ஊசி போட்டுட்டா கிளினிக் போறதுக்குள்ள தாராளமா முடிஞ்சிடும். எங்க செட்ல பாதிப் பேர் கடைசி நேரத்துல ஓடினாங்க.

இடதுமணி | அடுத்த புதன், இரவு 10:20

கார்வர் இரண்டு முனையும் செதுக்குற மாதிரி இருக்கும், எந்தக் கைக்கும் ஒன்றுதான், இடக்கைக்கென்று தனியாக விற்றால் வாங்க வேண்டாம். பேன்டம் லேபில் இடம் பிரிக்கும் அன்றைக்கே போய் வரிசையின் இடது ஓர சீட்டைக் கேட்கச் சொல்லுங்கள். நடுவில் உட்கார்ந்தால் பக்கத்துப் பையனின் வலது முழங்கையும் இவள் இடது முழங்கையும் வருஷம் முழுக்க இடித்துக்கொண்டே இருக்கும்.